அமரர் மதிவாணன் நினைவாக

பதினொரு மணிக்கு வருகிறேன் என்றவனுக்காகத் தமயந்தி ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள், உயிரியல் பூங்காவின் கேட்டைத் திறந்ததும் உள்ளே நுழைந்த முதல் ஆள் அவள்தான், டிக்கெட் கொடுக்கிறவர்கூட என்னம்மா, நீங்க புதன்கிழமைக்காரங்களாச்சே, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைல்ல என்று கேட்டுவிட்டார், சும்மாத்தான் என்று சிரித்து வைத்தாள், வேறென்ன சொல்வது, என் பையன் வருகிறான் என்றா சொல்ல முடியும், இந்தப் பூங்காவுக்குள் அவளுக்குப் பையனே கிடையாது, அவன் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது, பலகையில் எழுதியே மாட்டியிருக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே போகும் தார் ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. பேட்டரி வண்டிக்காரர்கள் இப்போதுதான் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், ஏறிக்கங்கம்மா என்று ஒருவர் கூப்பிட்டார், வேண்டாம் என்று நடந்தே வந்தாள், முட்டி விண்விண்ணென்று தெறித்தது, தெறிக்கட்டும், செய்த வேலைக்கு இது ஒரு தண்டனையா. கழுதைப்புலி பாறைத் திட்டுக்கு அடியில் படுத்திருந்தது, கோடு போட்ட முதுகு மட்டும் தெரிந்தது. பலகை அதே இடத்தில்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது, யாராவது அதைத் திருடிக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே வந்தாள், சாக்கடை மூடியைக்கூடத் தூக்கிக்கொண்டு போகிற ஊர் இது, இந்தத் தகரத்தை மட்டும் ஒருத்தன் சீந்தவில்லை. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. இந்தக் கழுதைப்புலியின் ஓராண்டுப் பராமரிப்பை ஏற்றவர்: அமரர் சு. மதிவாணன் நினைவாக, தாயார் சு. தமயந்தி. படிக்கத் தெரிந்த யாரும் பத்தடி தூரத்திலிருந்தே படித்துவிடலாம், மதிக்கோ நல்ல கண் பார்வை, சின்ன வயசிலிருந்தே.

அவள் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை, இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வாள். விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஆபீசுக்கு வந்து படிவம் வாங்கினாள், யாருடைய பெயரில் என்று கேட்ட இடத்தில் மகன் சு. மதிவாணன் என்று எழுதினாள், அவ்வளவுதான். எந்த விலங்கு என்ற இடத்தில் யோசிக்கவே இல்லை. ஏழு வயசில் அவனை இங்கே கூட்டிக்கொண்டு வந்தபோது மற்றப் பிள்ளைகள் எல்லாம் புலியைப் பார்க்க ஓடினார்கள், இவன் மட்டும் இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றான், இதுக்கு ஏம்மா முன்னங்கால் உசரமா இருக்கு, பின்னங்கால் குட்டையா இருக்கு, யாராவது அடிச்சிட்டாங்களா என்று கேட்டான், இவன் அப்பா சிரித்த சிரிப்பில் வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீஸ் குமாஸ்தா மட்டும் படிவத்தைப் பார்த்து, கழுதைப்புலியாம்மா, மான் எடுத்துக்கோங்களேன், பார்க்க லட்சணமா இருக்கும் என்றார். இல்லை, இதுதான் என்றாள். தனியாக வந்த வயசான பொம்பளை, பிள்ளை பெயரைச் சொல்லும்போது தொண்டை கொஞ்சம் கம்மியிருக்கும், கண் கலங்கியும் இருக்கலாம், யார் கண்டது, குமாஸ்தாவே முடிவு கட்டிவிட்டார் போல. அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இங்கே பிள்ளை பெயரில் தத்தெடுக்கிறவர்கள் இரண்டே ரகம், பக்கத்துக் குள்ளநரி அடைப்பைப் பாருங்கள், செல்வி யாஷிகாவின் முதலாம் பிறந்தநாளை முன்னிட்டு என்று மாட்டியிருக்கிறது, பிறந்தநாளாக இருக்க வேண்டும் அல்லது நினைவுநாளாக இருக்க வேண்டும், உயிரோடு எங்கோ ஒரு மூலையில் சாதாரணமாக இருக்கிற முப்பத்தெட்டு வயசுப் பிள்ளைக்காக யாராவது கழுதைப்புலிக்குச் சோறு போடுவார்களா. அவன் ஆக்லாந்தில் இருந்தான், மாசத்துக்கு ஒரு தரம் போன் பண்ணுவான், சாப்பிட்டியா என்பான், அவளும் சாப்பிட்டேன் என்பாள், பிறகு இரண்டு பேரும் லைனில் சும்மா இருப்பார்கள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் அவள், பேச்சு தீர்ந்துபோன லைன் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா.

பலகையை முதல் தடவை பார்த்தபோது அட பாவிகளா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அப்படியே ஆபீசுக்குத் திரும்பிப் போய் மேஜையைத் தட்டியிருக்க வேண்டும். போகத்தான் எழுந்தாள். அதற்குள் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், ஒட்டியாணம் மாதிரி பர்சை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த அம்மாள், ஊர் பேர் ஒன்றும் தெரியாது, பலகையைப் படித்துவிட்டு இவளைப் பார்த்து, உங்க பையனாம்மா என்றாள். என் பையன்தான் என்றாள் தமயந்தி, அதில் என்ன பொய். அந்த அம்மாள் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். புருஷன் சுந்தரமூர்த்தி போன பிறகு நான்கு வருஷமாக யாரும் தமயந்தியின் கையைப் பிடித்ததில்லை, ரத்த அழுத்தம் பார்க்கிற நர்ஸ் பிடிப்பதைக் கணக்கில் எடுக்க முடியாது. கை சூடாக இருந்தது. பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான், பேசுவதில்லை என்றால் ஜனங்கள் என்ன சொல்வார்கள், உனக்கென்னம்மா குறை, ராஜாவாட்டம் இருக்கான் என்பார்கள், பொறாமைகூடப் படுவார்கள், இதற்கு அழ அவளுக்கு உரிமை இல்லை, துக்கம் விசாரிக்க ஒருத்தரும் வரமாட்டார்கள். அன்றைக்கு அவள் அழுதாள். நன்றாக, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள், வீட்டுக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவளுக்கு ரொம்ப நாள் கழித்து நல்ல தூக்கம் வந்தது. நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த நாள் அடுத்த வாரமாயிற்று.

சரி, அதோடு நின்றிருந்தாலும் போகட்டும், தணிகாசலம் வந்து சேர்ந்தான். கழுதைப்புலியையும் நரிகளையும் பார்த்துக்கொள்கிற ஆள், காக்கிச் சட்டை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், ஐம்பது வயசிருக்கும், பேசவே மாட்டான், ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவான். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, கறி தின்னும் விலங்குகளுக்கு அன்றைக்குப் பட்டினி, அதனால் புதன்கிழமையில்தான் இது கொஞ்சம் எழுந்து நடமாடும் என்று அவன்தான் சொன்னான், அதிலிருந்துதான் அவள் புதன்கிழமைக்காரி ஆனாள். மூன்றாவது புதன்கிழமையோ நான்காவதோ, கையில் துடைப்பத்தோடு வந்து நின்றவன், பலகையைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், என் பையனும் போயிட்டாம்மா என்றான். சரத், பத்தொன்பது வயசு, கல்குவாரிப் பள்ளத்தில் குளிக்கப் போய் மூழ்கிவிட்டான், இரண்டு வருஷம் ஆகிறது. பெண்டாட்டியிடம் பேச முடியவில்லை, பேச்சை எடுத்தாலே அவளுக்கு மயக்கம் வந்துவிடுகிறது, கூட வேலை பார்க்கிறவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள், உங்ககிட்டதாம்மா சொல்ல முடியுது, உங்களுக்குத்தான் தெரியும் என்றான். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில். ஐயையோ அப்படி இல்லப்பா, பலகையில தப்பா எழுதிட்டாங்க என்று. வாய் வரவில்லை. ஒருத்தன் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழும்போது, என் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது. உங்க பையனுக்கு எப்படிம்மா ஆச்சு என்று கேட்டான். வெளிநாட்டுல என்று ஒரே வார்த்தை சொன்னாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை, தூரமா இருந்தா முகத்தக்கூடச் சரியாப் பார்த்திருக்க முடியாதே என்று மட்டும் சொன்னான், ஆமாம் என்றாள், அதுவும் பொய்யில்லை. இப்படி ஒவ்வொன்றாகப் பொய்யில்லாத வார்த்தையாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தே ஒரு பிள்ளையைச் சாகடித்துவிட்டாள். அதன் பிறகு புதன்கிழமைதோறும் அவன் வருவான், பெஞ்சில் உட்காரமாட்டான், தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சரத்தைப் பற்றிச் சொல்வான், அவன் கபடி விளையாடியது, பைக் கேட்டு அடம்பிடித்தது, அவளும் மதியைப் பற்றிச் சொல்வாள், வெண்டைக்காய் தொடமாட்டான், கணக்கில் புலி, தூக்கத்தில் சிரிப்பான். அந்தக் கதைகளை எல்லாம் உயிரோடு இருக்கிற மதியைப் பற்றி யார் உட்கார்ந்து கேட்பார்கள்.

பயமில்லாமல் இல்லை. பலகை மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மார்ச்சில் மதிக்குக் காரில் விபத்து, இடது கை ஒடிந்தது, நான்கு நாள் கழித்துத்தான் சொன்னான், சின்ன அடிதாம்மா என்று கட்டுப் போட்ட கையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். எழுதி மாட்டிவிட்டாளே, ஊர் அறிய எழுதி மாட்டிவிட்டாளே, போகிறவர் வருகிறவர் எல்லாம் அமரர் அமரர் என்று படித்துவிட்டுப் போகிறார்களே, நாள் முழுக்க எத்தனை வாய், ஒரு வாய் பலித்துவிட்டால். அன்றைக்கு உப்பும் மிளகாயும் எடுத்து அவன் போட்டோவைச் சுற்றி அடுப்பில் போட்டாள், மிளகாய் நெடிகூட வரவில்லை, அவ்வளவு திருஷ்டி. நாளைக்கே போய்ப் பலகையைக் கழற்றச் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் சத்தியம் செய்தாள். புதன்கிழமை வந்தது, தணிகாசலம் அன்றைக்குச் சரத்துக்குத் திதி கொடுத்துவிட்டு நெற்றியில் விபூதியோடு வந்திருந்தான், உங்க பையன் பேரையும் சேர்த்துச் சொல்லித் தண்ணி விட்டேம்மா என்றான். கை ஒடிந்த பிள்ளை அங்கே இடது கையால் சட்டை போட முடியாமல் கஷ்டப்படுகிறான், இங்கே அவனுக்கு எள்ளும் தண்ணீரும். அப்போதும் சொல்லவில்லை. பெற்றவளா நீ, பேயா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். அடுத்த புதன்கிழமை எண்ணெய் வைத்துத் தலைவாரிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மதி போன் எடுக்காமல் இரண்டு நாள் இருந்தான் என்றால் தூக்கம் போய்விடும், கடைசியாக எத்தனை மணிக்குப் போனைப் பார்த்தான் என்று காட்டுமே, அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், இப்போதுதான் பார்த்திருக்கிறான் என்று தெரிந்ததும் இருக்கான் இருக்கான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள். எக்ஸ்சேஞ்சில் யாராவது இப்படி நடந்துகொண்டதாகக் கேள்விப்பட்டிருந்தால் அவளே டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பாள்.

நேற்று சாயங்காலம் போன் வந்தது. ஆபீஸ் வேலையாக மூன்று நாளாகச் சென்னையில்தான் இருக்கிறானாம், ஓட்டலில். மூன்று நாளாக. நாளைக்கு மத்தியானம் கிளம்புகிறேன், ஏர்போர்ட் போகிற வழியில் அந்த ஜூவுக்கு வருகிறேன், நீயும் அங்கேயே வந்துடும்மா, கழுதைப்புலியைப் பார்க்கலாம் என்றான், அவன் பேரில் அதைத் தத்தெடுத்ததை அவள் அப்போதே போனில் சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வா என்று சொல்ல வாயெடுத்தாள், நின்றுவிட்டது. அந்த வீட்டு வாசலில்தான் அவனை அப்படிக் கேட்டாள். சுந்தரமூர்த்தி போனபோது ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள், மதி கிளம்பிவிட்டான், சிங்கப்பூரில் விமானம் தாமதம், ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பங்காளிகள் நின்றார்கள், என்னம்மா சொல்றே என்று கேட்டார்கள், இரண்டே மணி நேரம், நாளைக் காலை வரைகூட வைத்திருக்கலாம், பெட்டி இருந்ததே. அவள் தலையை ஆட்டிவிட்டாள். மூன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் தூங்காத தலை, தானாக ஆடியது. கொழுந்தன் மகன் கோபி கொள்ளி வைத்தான். ஆறே காலுக்கு மதி வந்து டாக்சியிலிருந்து இறங்கினான், வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தான் செய்தது புரிந்தது, அந்தத் தப்பைத் தாங்க முடியாமல், இனிமே எதுக்கு வந்தே என்று அவன்மேலேயே எரிந்து விழுந்தாள், அத்தனை பேர் எதிரில். என்ன வார்த்தை அது. எங்கிருந்து வந்தது. பதினாறாம் நாள் பத்திரிகையில் கோபி பெயரை மேலே போட்டு மதி பெயரைக் கீழே போட்டிருந்தார்கள், அவன் அதை வாசித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம். சண்டை போட்டுக்கொண்ட தாயும் பிள்ளையும் சேர்ந்துவிடுகிறார்கள், இவன் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டான். இன்றைக்கு வந்து இந்தப் பலகையைப் படித்தான் என்றால் அவ்வளவுதான், அன்றைக்கு வாசலில் சொன்னதை எழுதி மாட்டிய மாதிரியே ஆகிவிடும், இந்த ஜென்மத்தில் அவன் முகத்தில் விழிக்க முடியாது.

அதனால்தான் சுந்தரமூர்த்தியின் டூல் பெட்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள், அறுபத்துமூன்று வயசில் திருட்டுத்தனம். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் போனாள். கிட்டே போனால்தான் தெரிகிறது, ஸ்க்ரூவே இல்லை, நான்கு மூலையிலும் போல்ட்டு, பின்பக்கம் நட்டு போட்டு முறுக்கியிருக்கிறது. பத்து மாதமாக வாரா வாரம் பார்த்த பலகை, எத்தனை போல்ட்டு என்று கேட்டால் தெரியாது, அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதையும் பார்த்தால்தானே. ஸ்க்ரூடிரைவர் முனையால் அமரர் என்பதையாவது சுரண்டிவிடலாமா என்று அ-வின் வாலில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள், பல் கூசுகிற சத்தம் வந்தது, கோடு விழுந்ததே தவிர எழுத்து அப்படியே இருந்தது. கழுதைப்புலி பாறைக்கடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது, புருஷன் பெண்டாட்டி, பெரிய டிபன் கூடை. அந்தப் பெண் பலகையைப் படித்தாள், தமயந்தியைப் பார்த்தாள், இவள் பலகையைத் துடைக்கிறாள் என்று நினைத்திருப்பாள், பாவம், பெத்தவங்க போல என்று புருஷனிடம் சொல்லிவிட்டுச் செருப்புச் சத்தம் கேட்காமல் அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். வேறு நாளாக இருந்தால் அந்தப் பாவம் என்ற வார்த்தையைத் தமயந்தி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மணி பத்தே கால். முந்தானையால் மூடினால் காற்றில் விலகும், முன்னால் நின்று மறைக்கலாம் என்றால் எத்தனை நேரம் நிற்பது, அவன் நகரும்மா, படிக்கிறேன் என்றால் என்ன செய்வது. அந்தப் பக்கம் வேண்டாம், ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம் வா என்று கூட்டிக்கொண்டு போகலாம், அவன் என்ன குழந்தையா. ஸ்பேனர் தணிகாசலத்திடம் இருக்கும். அவனிடம் கேட்க வேண்டும், கேட்டால் ஏன் என்பான்.

அவன் வாளியோடு வந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, என்னம்மா, ஞாயித்துக்கிழமையில என்றான், நல்லதாப் போச்சு, நேத்துதான் சரத்தோட பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சுது, போன்ல ஏத்தி வச்சிருக்கேன், உங்ககிட்ட காட்டணும்னு நினைச்சேன் என்று சட்டைப் பையில் கையை விட்டான். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா, பார்க்காமல் சொல்லலாமா என்று ஒரு நொடி கணக்குப் போட்டாள், பார்த்துவிட்டுச் சொன்னால் இன்னும் பெரிய பாவம். “தணிகாசலம், இந்தப் பலகைய இப்பவே கழட்டணும்ப்பா” என்றாள். ஏம்மா என்றான், எதிர்பார்த்த மாதிரியே. “என் பையன் வர்றான்” என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. இன்னொரு பையன் இருக்காராம்மா, சொல்லவே இல்லையே என்றான், சந்தோஷமாகத்தான் கேட்டான், அதுதான் கொடுமை. இல்லை, ஒரே பையன்தான், இவன்தான் என்று பலகையைக் காட்டினாள். ஆபீசில் தப்பாக எழுதிவிட்டார்கள், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நீ சரத்தைப் பற்றிச் சொன்னபோது சொல்ல வாய் வரவில்லை, அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, எனக்குப் பேச ஆள் இல்லை தணிகாசலம், அதான் இப்படிப் பண்ணிட்டேன் என்று கடகடவென்று கொட்டினாள், சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் நொண்டிச் சாக்காக விழுந்தது. அவன் கை சட்டைப் பையிலேயே இருந்தது. பிறகு போனை எடுக்காமலே வெறுங்கையை வெளியே எடுத்தான். கழுதைப்புலி வாளியின் வாசனைக்கு எழுந்து வந்து கம்பி ஓரமாக நின்றது. “உசுரோட இருக்காரா” என்றான் மெதுவாக. அவள் தலையை ஆட்டினாள். அவன் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஸ்பேனரோடு திரும்பி வந்தான், ஒரு நட்டு துருப்பிடித்துச் சுற்றவில்லை, எண்ணெய் விட்டு, கல்லால் தட்டி, பத்து நிமிஷம் போராடினான், இடையில் ஒரு தரம்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உங்க பையனுக்கும் தண்ணி விட்டேனேம்மா என்று கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பாள். அவன் பலகையைக் கழற்றி, எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி சாக்கில் சுற்றி, தீவன அறைக்குக் கொண்டுபோனான். கம்பிச் சட்டத்தில் நான்கு ஓட்டை மட்டும் இருந்தது. அப்பாடா என்று பெருமூச்சு வந்தது, உடனே அந்தப் பெருமூச்சுக்காகவே வெட்கமாகவும் இருந்தது.

மதி பதினொன்றே முக்காலுக்கு வந்தான். காதோரம் நரைத்திருந்தது, அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இடது கையை இன்னும் கொஞ்சம் உடம்போடு ஒட்டியே வைத்திருந்தான். எப்படிம்மா இருக்கே என்றான், நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா என்றாள், சாப்பிட்டேன் என்றான், இரண்டு பேரும் கழுதைப்புலியைப் பார்த்தார்கள். டாக்சி வெயிட்டிங்கில் நிற்கிறது, இருபது நிமிஷம்தான் என்றான். தொட வேண்டும் போல் இருந்தது, அந்தக் கையைப் பிடித்து, இந்த இடத்திலா ஒடிந்தது என்று தடவிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது, இவன் இருக்கிறான், மூச்சு விடுகிறான், நிழல் விழுகிறது, பத்து மாதமாகப் படித்த வார்த்தைக்குப் பிறகு அவன் நிழலைப் பார்க்கவே கண் போதவில்லை. அவனோ அடைப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து எதையோ தேடினான். தேடி முடித்துவிட்டு அவளிடம் வந்தான்.

“போர்டு எங்கம்மா?” என்றான். “என் பேர் போட்டிருக்குன்னு சொன்னியே. போட்டோ அனுப்புன்னு கேட்டேன், நீ கழுதைப்புலிய மட்டும்தான் அனுப்பினே. அதப் பாக்கத்தான் வந்தேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான், கொஞ்சம் கூச்சத்தோடு, பத்து வயசில் மார்க் ஷீட்டை நீட்டும்போது இப்படித்தான் சிரிப்பான். “இந்த ஊர்ல என் பேர் ஒரு இடத்துலயாவது முதல்ல இருக்கட்டும்னு நினைச்சேம்மா” என்றான். அவள் சட்டத்திலிருந்த நான்கு ஓட்டையைப் பார்த்தாள். அவன் ஏர்போர்ட் போகிற வழியில் இதற்காகத்தான் இறங்கி வந்திருக்கிறான், இதை மறைக்கத்தான் அவள் ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள், இத்தனை மாதத்தில் ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லியிருந்தால் இந்த நிமிஷம் அவன் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பான். அவன் சிரிப்பு மெல்ல வற்றுவதை அவள் பார்த்தாள். அம்மா சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறான், அன்றைக்கு ஐஸ் பெட்டி இருந்தும் காத்திருக்கவில்லை, இன்றைக்குப் பலகையும் இல்லை.

தணிகாசலம் எப்போது வந்து நின்றானோ தெரியாது. “பெயின்ட் அடிக்கக் கழட்டியிருக்கோம் சார்” என்றான். “மழையில எழுத்து மங்கிப்போச்சு. உங்க பேர்தான் போட்டிருந்துச்சு, பெரிசா. அம்மா வாரா வாரம் வந்து உங்களப் பத்தித்தான் பேசுவாங்க. வெண்டைக்கா தொடமாட்டீங்களாமே.” மதி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தோளில் கையை வைத்தான், ஒடிந்த கையை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. தணிகாசலம் அந்த இரண்டு பேரையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, மதியின் தலை முதல் கால் வரை பார்த்தான், பெற்றவர்கள் பிள்ளை சாப்பிடும்போது பார்க்கிற பார்வை மாதிரி இருந்தது, பிறகு நல்லா இருங்க சார் என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தான், ரொம்ப நேரம் கழுவினான். டாக்சிக்காரர் போன் பண்ணினார். அடுத்த தடவை வீட்டுக்கு வரேம்மா என்றான் மதி, எப்போது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட் வரைக்கும் வருகிறேன் என்றாள், உனக்கு முட்டி வலிம்மா, உக்காரு என்றான். திருப்பத்தில் மூங்கில் மறைக்கிற வரைக்கும் அவன் சட்டை தெரிந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தணிகாசலத்திடம் என்ன சொல்வது, நன்றி என்று சொல்வதா, மன்னிச்சுடு என்று சொல்வதா, அந்தப் போட்டோவைக் காட்டு என்று கேட்டால் காட்டுவானா. அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். எப்போதும் போலத் தரையில் உட்காரவில்லை, நின்றான். கோபம் ஒன்றும் இல்லை முகத்தில், குரலும் இறங்கித்தான் இருந்தது, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான்.

“உசுரோட இருக்கிற பிள்ளைய வச்சிக்கிட்டு, இனிமே இங்க வந்து உக்காராதீங்கம்மா.”

டாக்சி இந்நேரம் மெயின் ரோட்டில் ஏறியிருக்கும், அவன் மத்தியானம் கிளம்பிவிடுவான், திரும்பி வர மூன்று வருஷமோ நான்கு வருஷமோ, அதுவரைக்கும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன்தான், இதையெல்லாம் தணிகாசலத்திடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. பெற்ற பிள்ளையைக் கல்குவாரித் தண்ணீரிலிருந்து தூக்கியவனிடம் இதை எப்படிச் சொல்வது. சரிப்பா என்றாள். அவன் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பெஞ்சிலிருந்து எழுந்திருக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.